கழுத்துக்குக் கோடு போடாத ஆமை

பிப்ரவரி 9, செவ்வாய்

பிரான்வின் மிஸ் இந்த நோட்டைக் கொடுத்து வகுப்பில் நடப்பதை நாள்தோறும் எழுதச் சொன்னார். வகுப்பு உதவியாளர்கள் எழுத வேண்டுமாம். நான் ஆறாவதோடு நின்றவள். முதல் பக்கத்தில் 'மழை. இருபது பிள்ளைகள் வந்தார்கள்' என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நல்லது என்றார். அடுத்த வாரம் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இனி எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

வகுப்புச் சுவரில் என் வீட்டுக்காரர் மரப்பட்டையில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அடியில் பேர் எழுதிய சீட்டு. நவம்பரில் அவர் டார்வின் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்ததும் நான்தான் அதன் மேல் துணி போட்டேன். மிஸ் தெற்கேயிருந்து எங்கள் பூர்வகுடி ஊருக்கு இப்போதுதான் வந்திருக்கிறார். தூசிக்குப் போட்ட துணி என்று நினைத்து இன்று எடுத்துவிட்டார். "பாருங்க, உங்க ஊர்க்காரர் வரைஞ்சது!" என்று சீட்டில் இருந்த பேரைச் சத்தமாக வாசித்தார்.

இருபது பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். என் மகள் டெல்வினா எழுந்து போய் மழையில் நின்றாள்.

"செத்தவங்க பேரச் சொல்லக் கூடாது மிஸ்" என்றேன். "அவரு என் வீட்டுக்காரர்."

மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்பு கேட்டார், மறுபடி கேட்டார், வீட்டுக்குப் போகும்போது காரை நிறுத்தி இன்னொரு தடவை கேட்டார். நல்ல பெண்தான். துணியை நான் திரும்பப் போட்டேன்.

பிப்ரவரி 11

மிஸ் பெரிய திட்டம் வைத்திருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மரப்பட்டையில் படம் வரைய வேண்டும். ஜூனில் டார்வினில் கண்காட்சி.

"எல்லாரும் ஆமை வரையலாமா?" என்றார்.

"ஆமை எங்களோடது இல்ல மிஸ்" என்றாள் கேசியா.

"பின்னே யாரோடது?"

எல்லாரும் டெல்வினாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"படம்னா எல்லாருக்கும் பொதுதானே?" என்றார் மிஸ்.

"அப்ப உங்க காரும் பொதுவா மிஸ்? சாவியத் தாங்க" என்றான் டைரோன். வகுப்பே சிரித்து உருண்டது. மிஸ்ஸும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தவுடனே, எதற்குச் சிரித்தேன் என்று ஆகிவிட்டது.

பிறகு மிஸ்ஸுக்குச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா வழியில் வந்தது என்று உண்டு. கொடுவா மீன் ஒருத்தருக்கு, மலைப்பாம்பு ஒருத்தருக்கு. அதன் உள்ளே போடும் குறுக்குக்கோடும் அந்தந்தக் குடும்பத்துக்குத்தான். நினைத்தபோதெல்லாம் வரைந்துவிட முடியாது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பெற்ற பிள்ளைகள் யாரோ அவர்கள்தான் காவல். அவர்கள் சரி என்று சொல்ல வேண்டும்.

"உங்க வீட்டுக்குக் காவல் யாரு?"

"எலைஜா. வீட்டுக்காரரோட அக்கா மகன். வனக்காவல் வண்டி ஓட்டறான்."

மிஸ் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு முழுசாக ஒரு பட்டியல் சொன்னேன். நாக்கு வறண்டுவிட்டது. நவம்பருக்குப் பிறகு இவ்வளவு பேசியது இன்றுதான்.

பிப்ரவரி 14

இதை எங்கேயாவது சொல்ல வேண்டும். யாரிடமும் முடியாது.

அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் புகை போட்டார்கள். கதவில் செங்காவி பூசினார்கள். அவர் கை பட்டதெல்லாம் நெருப்பில் போனது. சட்டைகள், போர்வை, மீன் ஈட்டி, நாற்காலிகூட. டெல்வினா அவருடைய நீலத் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கினேன். "ஒண்ணும் வைக்கக் கூடாது, அவரு போக முடியாமத் திரும்பித் திரும்பி வருவாரு" என்று சொல்லி நெருப்பில் போட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது தேநீருக்கும் சோற்றுக்கும் மட்டும்.

ஆனால் அதே மத்தியானம் நான் ஒன்றை எடுத்து ஒளித்தேன்.

அவர் கடைசியாக எடுத்த பட்டை. நீள்கழுத்து ஆமை. ஓட்டில் கோடு போட்டு முடித்தாயிற்று. பாதிக் கோடு அவர் போட்டது, பாதி நான். இருபது வருஷமாக அப்படித்தான். உருவம் அவர் வரைவார், எனக்குச் சரி என்று சொல்வார், நான் கோரைத்தண்டை மென்று தூரிகையாக்கி உட்கார்ந்து நிரப்புவேன். கழுத்தும் தலையும் பாக்கி. டார்வினுக்கு ஊசி போடப் போகும் முன்னால், "கழுத்து இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்" என்றார்.

அது என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. பட்டை சுருளும். மேலே பாரம் இருக்க வேண்டும். நான் படுத்துக்கொள்கிறேன்.

தெரிந்தால் எடுத்துப் போய்விடுவார்கள். அவர் கை பட்டது வேறு ஒன்றும் இந்த உலகத்தில் என்னிடம் இல்லை. நான் செய்தது தப்பு என்றும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிப்ரவரி 26, வெள்ளி

பட்டை உரிக்கப் போனோம். மழைக்காலத்தில்தான் மரத்தில் நீர் ஏறிப் பட்டை கழன்று வரும். எலைஜா வண்டி கொண்டுவந்தான். மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, நடுவில் நீளமாக ஒன்று. பிறகு கோடாலிப் பிடியை உள்ளே விட்டு நெம்ப வேண்டும்.

என்னை வெட்டச் சொன்னான். கோடாலி பட்டையில் இறங்கவே இல்லை.

"மாமி, நீங்க வெட்டறதுக்குள்ள மரம் வயசாகிச் செத்துடும்" என்றான். பிள்ளைகள் கெக்கெக்கே என்றார்கள். "குடுங்க இங்க. போய்த் தீ மூட்டுங்க, அதாவது வரும்ல?"

தீயில் வாட்டி, மண்ணில் விரித்து, கல் ஏற்றினோம். இருபத்திரண்டு பட்டை. மிஸ் பூட்ஸ் முழுக்கச் சேறு. சந்தோஷமாக இருந்தார்.

அவர் இருந்தால் கோடாலியை என்னிடம் கொடுத்திருக்கவே மாட்டார்.

மார்ச் 10, வியாழன்

போயிற்று. மழையில் பட்டை காயவே இல்லையே என்று மிஸ் கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, ஏசி அறையில் சுவரோரமாக நிறுத்திவைத்துவிட்டார். மூன்று நாள். இன்று கதவைத் திறந்தால் பாதிக்குமேல் குழாய் மாதிரி சுருண்டு கிடக்கிறது. மூன்று நெடுக வெடித்துவிட்டது. டெல்வினாவுடையதும் அதில் ஒன்று.

"நான் கெடுத்துட்டேன், இல்ல?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். மறுபடி வாட்டிப் பாக்கலாம்."

சுருண்டவற்றை நனைத்து, வாட்டி, பெரும்பாலும் நேராக்கிவிட்டேன். வெடித்ததை என்ன செய்வது. டெல்வினா தன்னுடையதை எடுத்துப் போய் நாய்களுக்கு எறிந்தாள்.

மார்ச் 15

எலைஜா வகுப்புக்கு வந்து, யார் எதை வரையலாம் என்று சொன்னான். மற்றக் குடும்பங்களின் காவல்காரர்களிடமும் கேட்டு வந்திருந்தான். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னான். டெல்வினாவிடம் மட்டும் சத்தமாகவே சொன்னான்.

"உன்னோடது இப்ப மூடியிருக்கு பாப்பா. உங்கப்பாவுக்குச் சடங்கு முடியணும். அப்புறம் நானே தொறப்பேன். இப்போதைக்கு சாதா மீன் வரை. கோடு வேணாம்."

"எப்ப முடியும்?"

"ரோடு தொறந்ததும். ஆகஸ்ட்."

"கண்காட்சி ஜூன்ல, அத்தான்."

"அதுக்கு நான் என்ன பண்ண? சடங்க மிஸ் தேதிக்கு மாத்தவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் என்னிடம் வாயைத் திறந்தாள், நாலு மாதத்துக்குப் பிறகு. "கழுத்து நீ போடுன்னு அப்பா என்கிட்ட சொன்னாரு."

எந்தக் கழுத்து என்று கேட்டேன். எனக்குத் தெரியாத மாதிரி.

"எரிச்சுட்டியே, அது" என்றாள்.

ஆமாம், எரிச்சாச்சு என்றேன். என் வாயாலேயே.

அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? என்னிடம் சொல்லவில்லையே. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே சொன்னார். ஒருவேளை திரும்பி வரமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ. தெரிந்து, அதை இவளிடம் சொன்னாரோ. என்கிட்ட ஏன் சொல்லல?

ஏப்ரல் 18, திங்கள்

மழை நின்றுவிட்டது. டெல்வினாவுக்கு ஒரு பட்டையாவது எடுக்கலாம் என்று மிஸ்ஸுடன் போனேன். கோடாலி போட்டால் பொடிப்பொடியாக வருகிறது. மரம் பிடித்துக்கொண்டுவிட்டது. இனி டிசம்பர்தான்.

மிஸ் அவளுக்கு அட்டை கொடுத்தார். அவள் அதில் மீனும் வரையவில்லை, ஒன்றும் வரையவில்லை.

மே 5

பிள்ளைகளுக்கு வெண்களிமண் அரைத்துக் கொடுத்தேன். பழைய நாளில் ஒட்டுவதற்குக் காட்டுப்பூத் தண்டின் சாறு. இப்போது பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை. நன்றாகத்தான் நிற்கிறது. கேசியாவின் மலைப்பாம்பு அழகாக வருகிறது. எல்லோருடையதும் அழகாக வருகிறது. எனக்குத்தான் அதைப் பார்க்க ஒன்றுமே தோன்றவில்லை.

மே 12

சனிக்கிழமை துணி துவைக்கும்போது டெல்வினா என் மெத்தையைத் தூக்கி விரிப்பை எடுத்திருக்கிறாள். கொடியில் விரிப்பு காய்வதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஐந்து நாளாகிறது. பட்டை அங்கேயே இருக்கிறது. பார்த்தாளா இல்லையா?

மே 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் சர்க்கரை பார்க்க கிளினிக் போய்விட்டு வகுப்புக்குத் தாமதமாக வந்தேன். கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டெல்வினா. தரையில் என் போர்வை. போர்வை மேல் அவருடைய ஆமை.

"வாங்க வாங்க!" என்றார் மிஸ். கண்ணில் தண்ணீர். "வீட்டிலேர்ந்து கொண்டு வந்தாளாம். முதல் தடவையா வரையறா! போட்டோ எடுத்தேன்."

அவள் கழுத்தில் மூன்று கோடு போட்டிருந்தாள். நாலாவதுக்குத் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடி" என்றேன். மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தொப்பிய எரிச்ச. என் கைய விரிச்சு வாங்கி எரிச்ச. இத மட்டும் ஏன் வச்சிருந்த?"

பிள்ளைங்க முன்னாடி. என்ன சொல்ல முடியும்? எனக்கு வேணும்னு வச்சேன். உனக்கு வேணும்னு எனக்குத் தோணல. அதான் நிஜம்.

யாரோ ஒரு பிள்ளை ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறது. எலைஜா வந்தான். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினான். ஆமையின் முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"முதல்ல எத வச்ச?" என்று டெல்வினாவிடம் கேட்டான்.

"மஞ்சள். அப்புறம் வெள்ளை. அப்புறம் சிவப்பு. அப்புறம் ரெண்டு வெள்ளை வரணும்."

"ஓட்டுல அப்படி இல்லியே."

"ஓட்டுக்கு வேற. கழுத்துக்கு வேற. அப்பா சொன்னாரு."

எலைஜா தலையைக் குனிந்துகொண்டான். இருபது வருஷமாக நான் எத்தனையோ கழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். எனக்கு எப்போதும் ஓட்டுக்குச் சொன்ன வரிசைதான். கழுத்துக்கு வேறு என்று ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. மனைவிக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னார். மகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொன்னார். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால்—

"எத்தன மாசமா வச்சிருக்கீங்க மாமி?"

"நவம்பர்லேர்ந்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எடுத்துட்டுப் போயிருப்ப."

"ஆமா" என்றான். "எடுத்துட்டுப் போயிருப்பேன். இவ கைய வைக்கிறதுக்கு முன்னாடி."

போர்வையோடு சுருட்டாமல் அப்படியே பலகை போலத் தூக்கிக்கொண்டு போனான். மிஸ்ஸிடம் போட்டோவை அழிக்கச் சொன்னான். மிஸ் அழித்துக்கொண்டே அழுதார். "எல்லாத்தையும் எனக்குச் சொல்லித் தந்தீங்களே, இத மட்டும் ஏன் சொல்லல?" என்று என்னைக் கேட்டார்.

தரையில் கிடந்த தூரிகையை எடுத்துக் கழுவினேன்.

மே 18

பள்ளிக்குப் போகவில்லை. மெத்தை மேல் உட்காரவும் முடியவில்லை. தரையில் படுத்திருந்தேன்.

மே 20, வெள்ளி

மாமரத்தடியில் அவர் குடும்பம் உட்கார்ந்தது. நாத்தனார் மேவிஸ், எலைஜாவின் அம்மா, ஆற்றுக்கு அந்தப்பக்கம் அவர்களுடைய ஊரிலிருந்து வந்திருந்தாள். வரும்போது எனக்குக் கொடுவா மீன் கொண்டுவந்தாள். திட்டுவதற்கு முன்னால் மீனைக் கழுவிக் கொடுத்தாள். அப்படி ஒரு பெண்.

"ஏம்மா, உங்களுக்கு என்ன கொற வச்சோம்? என் தம்பி போறதுக்கு வழி விடாம மெத்தையில போட்டுப் படுத்திருந்தீங்களா? அவன் எங்க நின்னுக்கிட்டிருந்தானோ, பாவம்."

நான் மீனை நிழலில் நகர்த்தி வைத்தேன்.

"மூடியிருக்கிறதுல புள்ள கைய வச்சுட்டா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, நான் என்ன பண்ணுவேன்? அவள எங்க ஊர்ல ஆமை இருக்கிற தண்ணிக்கே கூட்டிட்டுப் போய்க் கழுவணும். சடங்கு முடியற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறம் கோடு கத்துக்கிறதும் அங்கதான."

"நானும் வர்றேன்" என்றேன்.

மேவிஸ் எலைஜாவைப் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்துச் சொன்னான். "மாமி, மாமா சரின்னாரு, நீங்க போட்டீங்க. இப்ப சரி சொல்றதுக்கு அவரு இல்ல. நான் சொல்ல மாட்டேன். இனி எங்க கோட்டுல உங்க கை வேணாம். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அவன் சொன்னது சட்டம். இந்த மாதிரி ஒரு விதவை இன்னொரு குடும்பத்தில் செய்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். டார்வின் கடைகளில் தொங்கும் அவர் படங்களில் பாதிக் கோடு என்னுடையது. அதில் எனக்குப் பேர் வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கைக்கு வேலை இருந்தது. இனி இந்தக் கையை நான் எங்கே வைப்பது?

"டெல்வினா, அத்தை கூடப் போறியா?" என்றேன்.

முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டாள்.

மே 22

போய்விட்டாள். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை ஏற்றியிருந்தாள்.

எலைஜா கிளம்பும் முன் இறங்கி என்னிடம் வந்தான். "அந்த மூணு கோடு சரியா இருந்துச்சு மாமி. கை ஆடவே இல்ல. உங்க கிட்டயிருந்து வந்த கை."

ஆறுதலுக்குச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 3, வெள்ளி

பத்தொன்பது பட்டைகள் சின்ன விமானத்தில் டார்வினுக்குப் போயின. மிஸ் ஒவ்வொன்றையும் தலையணை உறையில் போட்டுக் கட்டினார். டைரோன் தன்னுடைய கொடுவா மீனுக்கு டாடா காட்டினான். "ஜன்னல் சீட்டு குடுங்க அதுக்கு" என்று விமானிக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்தோம்.

டெல்வினாவின் வெற்று அட்டை மேசைக்குள் இருந்தது. நான் குப்பையில் போட்டேன்.

ஜூலை 1

மிஸ்ஸுக்கு மாற்றல். கண்காட்சியில் நல்ல பேராம். என்னைக் கட்டிக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் இதை நான் செய்திருக்கவே முடியாது என்றார்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

சடங்கு முடிந்தது. நானும் போயிருந்தேன். பெண்களோடு தள்ளி உட்கார்ந்து அழ வேண்டியதை அழுதேன். என் தலையில் பூசியிருந்த வெண்களிமண்ணை மேவிஸ் கழுவிவிட்டாள். விதவைக்காலம் முடிந்தது, இனி எங்கேயும் போகலாம், யாரையும் கட்டலாம் என்றார்கள். எனக்கு நாற்பத்தெட்டு.

டெல்வினா உடம்பெல்லாம் பூசிக்கொண்டு அத்தைகளோடு ஆடினாள். நான் அவளுடைய அம்மா என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. வளர்ந்திருக்கிறாள்.

எலைஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தப் பட்டை?"

"முடிஞ்சிடுச்சு மாமி."

எரித்தார்களா, தண்ணீரில் விட்டார்களா, எங்கே, எப்போது என்று நான் கேட்கவில்லை. சொல்லவும் மாட்டான்.

செப்டம்பர் 6

புது ஆசிரியர் வந்திருக்கிறார். ஆண். சுவரில் இருந்த துணியை எலைஜா எடுத்துவிட்டான், இனி பார்க்கலாம். புது ஆசிரியர் அதைப் பார்த்து, இந்தக் கோடுகளைப் பற்றி யார் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று என்னைக் கேட்டார். எலைஜாவைக் கேளுங்கள் என்றேன். நான் பசை கலக்குவேன், தூரிகை கழுவுவேன் என்றேன்.

அந்தப் படத்தின் கீழ் வரிசைக் கோடுகள் நான் போட்டது. அப்போது டெல்வினா வயிற்றில் இருந்தாள். சொல்லவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

டெல்வினா போன் செய்தாள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நின்று பேச வேண்டும். போன இரண்டு வாரம் வரவில்லை.

இன்று அவளே நிறையப் பேசினாள். குரல் பழையபடி இருந்தது. நாய் குட்டி போட்டதாம். மேவிஸ் அத்தை சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுகிறாளாம். "அப்புறம் அம்மா, அத்தான் எனக்குத் தொறந்து விட்டுட்டாரு. போன மழையில உரிச்ச பட்டை ஒண்ணு குடுத்தாரு. முழு ஆமையும் நானே. ஓடு, கழுத்து, தல, எல்லாம்."

"கை வலிக்குதா?"

"விரல் மரத்துப் போகுது."

"நடுவுல நடுவுல சுடுதண்ணியில வை."

"ம். அத்தானும் அதான் சொன்னாரு."

எனக்கு அதைக் கேட்க வேண்டும் என்று எண்ணமே இல்லை. தானாக வந்துவிட்டது. "தலைக்கு எப்படிடி? அதுக்கும் கழுத்துக்குப் போட்ட வரிசைதானா, இல்ல அதுக்கு வேறயா?"

அந்தப் பக்கம் யாரோ சீக்கிரம் பேசு என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"அம்மா" என்றாள். "அத உன்கிட்ட சொல்லக் கூடாதாம்."

சரி என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வாத்து சுட்டார்களாம்.